மலைப் படக் கண்காட்சி வைக்கப் போகிறீர்களா? மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

மலை ஓவியக் கண்காட்சி என்று போனால், பாதிப் படங்களுக்குக் கீழே ‘இயற்கைக் காட்சி’ என்று எழுதியிருக்கும். எந்த மலை, எந்த ஊர்ப் பக்கம், அங்கே யார் மாடு மேய்க்கிறார்கள், ஒன்றும் கிடையாது. பார்க்க வந்தவரும் “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு, வாசலில் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ இப்படி ஒரு கண்காட்சி வைக்க நினைக்கிற ஓவிய ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஊர் இளைஞர் மன்றத்துக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய அருங்காட்சியகமெல்லாம் வேண்டாம். ஒரு பள்ளிக்கூட ஹால், சமுதாயக் கூடம், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் கிடைத்தால்கூடப் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒவ்வொரு படமும் எங்கே நின்று பார்த்தது என்று சொல்லியாக வேண்டும்.

யானைமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஒரு மொட்டை மாடியில் இருந்தோ ஒத்தக்கடைப் பக்கம் இருந்தோ பார்த்தால் தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கிற யானை. மேலூர்ப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் யானையும் இல்லை பூனையும் இல்லை, நீளமாக ஒரு மொட்டைப் பாறை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு அதுதான் மலை, அவர் பிறந்ததில் இருந்து பார்க்கிறது அதைத்தான். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டன் மதுரைக்கு வந்து எடுத்த புகைப்படங்களில் யானைமலையும் உண்டு. அதன் தலைப்பிலேயே, முனையில் இருந்து பார்த்த தோற்றம் என்று குறித்துவைத்திருக்கிறார். அந்த ஒரு வரி இருப்பதால் இன்றைக்கும் நாம் அந்த இடத்தைத் தேடிப் போய் நின்று, பாறை அப்படியே இருக்கிறதா, சுற்றி இருந்த வயலெல்லாம் என்ன ஆச்சு என்று பார்க்க முடியும். ‘இயற்கைக் காட்சி’ என்று போட்டிருந்தால் எங்கே போய்த் தேடுவது?

நேரமும் இதில் சேர்த்திதான். ஊரில் இருந்து யானைமலையைப் பார்க்கும்போது நாம் அதற்குத் தென்மேற்கே நிற்கிறோம், அதனால் சாயங்கால வெயில் நேராகப் பாறை மேல் விழும். அந்த நேரத்தில்தான் அது கருப்பு இல்லை, கொஞ்சம் சிவந்த சாம்பல் நிறம் என்பதே தெரியும். போடியில் இருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்ப்பது இதற்குத் தலைகீழ். மலை மேற்கே இருக்கிறது, காலை வெயில் அதன் முகத்தில் அடிக்கிறது, ஒவ்வொரு மடிப்பும் ஓடையும் தனித்தனியாகத் தெரியும். நாலு மணிக்கு மேல் அதே மலை தட்டையான நீலத்தில் ஒரு சுவர் ஆகிவிடும். படம் போடுகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் போய் ஒரே வெளுத்த படத்தைப் போட்டுக்கொண்டு வர மாட்டார்கள்.

எந்த மலைகளை எடுப்பது?

‘மதுரை மலைகள்’ என்று மொத்தமாகத் தலைப்பு வைக்க வேண்டாம் என்பேன். நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி சமணர் மலை, அழகர்மலை, அரிட்டாபட்டிக் குன்றுகள் என்று ஊரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் ஒரு மலை நிற்கிறது. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று என்று மாட்டினால் பஞ்சாயத்து ஆபீஸில் தொங்குகிற தலைவர்கள் படம் போல வரிசையாக இருக்கும், கதை இருக்காது. ஒரு திசையை எடுங்கள், ஒரு பாதையை எடுங்கள்.

நான் சிபாரிசு செய்வது மேற்கு. காரணம் இருக்கிறது. மதுரையில் இருந்து போடிக்கு ஒரு ரயில் பாதை போகிறது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள், அகலப்பாதை போட்டு மறுபடியும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி என்று அந்தப் பாதை போகப் போக மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும். படங்களையும் அதே வரிசையில் மாட்டுங்கள். வாசலில் மதுரை மாடியில் இருந்து தெரிகிற நாகமலை, அடுத்து உசிலம்பட்டிப் பக்கத்துக் கரடு, அப்புறம் கணவாயும் காற்றாலைகளும், கடைசிச் சுவர் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை. வருகிறவர் நடக்க நடக்க மலை பெரிதாகும். அம்புக்குறி ஒட்ட வேண்டிய வேலையே இல்லை.

கிழக்கு மலைகள் கோபித்துக்கொள்ளுமே என்றால், அவற்றுக்கு அடுத்த வருஷம் தனியாக வையுங்கள். அரிட்டாபட்டிக்கு மட்டுமே ஒரு கூடம் போதாது: பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022இல் வந்த அறிவிப்பு, அப்புறம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கூடிப் போராடி 2025 ஜனவரியில் அதை ரத்து செய்யவைத்த கதை.

அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்

மலையையும் அந்த வட்டாரத்து வாழ்க்கையையும் சேர்த்துக் காட்சிக்கு வைப்பதில் கை தேர்ந்தவர்கள் அமெரிக்காவில் ராக்கி மலைப் பக்கத்து ஊர் அருங்காட்சியகங்கள். மொன்டானா மாநிலத்தில் கிரேட் ஃபால்ஸ் என்று ஒரு ஊர். அங்கே சார்லஸ் ரஸ்ஸல் என்ற ஓவியருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் இளவயதில் மாடு மேய்க்கிற கௌபாய் வேலை பார்த்தவர், அப்புறம்தான் முழுநேரமாகத் தூரிகை பிடித்தார். அவர் குடியிருந்த வீடும், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய அவருடைய பட்டறையும் அந்த வளாகத்திலேயே இருக்கின்றன. வயோமிங்கில் கோடி என்ற ஊரில் ஓவியம், துப்பாக்கி, பழங்குடி வாழ்க்கை, இயற்கை வரலாறு எல்லாம் ஒரே கூரையின் கீழ். குதிரைச் சேணமும் கயிறும் பார்த்த கண்ணோடு ஓவியத்தைப் பார்த்தால் ஓவியத்தில் இருக்கிற ஆள் என்ன செய்கிறார் என்று உடனே புரிந்துவிடும். நாமும் இதைச் செய்யலாம், செலவே இல்லை.

ஆனால் அவர்களிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1871இல் தாமஸ் மோரன் என்ற ஓவியர் ஓர் ஆய்வுக் குழுவோடு யெல்லோஸ்டோன் பகுதிக்குப் போனார். அவர் கொண்டுவந்த நீர்வண்ணப் படங்களும் கூடப் போன வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படங்களும் வாஷிங்டனில் காட்டப்பட்டு, 1872இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆவதற்குக் கைகொடுத்தன. அதே வருஷம் அவருடைய பெரிய ஓவியம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெரிய ஓவியத்தில் இருக்கிற காட்சியை ஓர் இடத்தில் நின்று பார்க்க முடியாது, பல இடங்களில் பார்த்ததைச் சேர்த்துப் போட்டது. பூங்கா வந்த பிறகு அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த பழங்குடி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1991இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் ஒன்று, இந்த மேற்கத்திய ஓவியங்கள் எதைக் காட்டி எதை மறைத்தன என்று கேள்வி கேட்டு ஒரு கண்காட்சி வைத்தது, பெரிய சண்டையே வந்தது. யார் நின்ற இடத்தில் இருந்து மலையைப் பார்க்கிறோம் என்ற கேள்விதான் அங்கேயும்.

நம் மேற்கில் இது இன்னும் கூர்மையாக வரும். கொடைக்கானலை எடுத்தால், 1845இல் மதுரை மிஷனின் அமெரிக்கப் பாதிரிமார்கள் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி வீடு கட்டிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லுங்கள், அதுவும் மரபுதான். கூடவே அங்கேயே வாழ்ந்த பழங்குடிகளான பளியர்களுக்கு அந்த மலை என்னவாக இருந்தது என்பதற்கும் ஒரு சுவர் கொடுங்கள். முல்லைப் பெரியாறு அணைக்கும் அப்படித்தான். 1895இல் அதைக் கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் படம் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளில் சாமி படத்தோடு சேர்த்து மாட்டியிருக்கிறது, தைப்பொங்கலை ஒட்டி வருகிற அவருடைய பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் மாட்டியிருக்கிற படத்தையே, மாலை போட்டபடி, குங்குமத்தோடு இரவல் வாங்கி வையுங்கள். பக்கத்திலேயே அந்தக் காட்டில் கல் சுமந்து, நோயிலும் விபத்திலும் செத்துப்போன கூலியாட்களைப் பற்றி நாலு வரி வேண்டும்.

என்னவெல்லாம் சேர்ப்பது

ஓவியம் மட்டும் போதாது என்று சொன்னேன். மலைமாட்டுக் கழுத்து மணி, ஏலக்காய் சலிக்கிற சல்லடை, தேயிலை பறிக்கிற கூடை, கவாத்துக் கத்தி, மாடு மேய்க்கிறவர் மழைக்குப் போர்த்துகிற கம்பளி. இவையெல்லாம் தேனி, போடி, கம்பம் பக்கத்தில் எந்த வீட்டுப் பரணிலும் கிடைக்கும். கேட்டால் கொடுப்பார்கள், “இதையெல்லாமா பொருட்காட்சியில வைப்பாங்க” என்று சிரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

ஆண்டிபட்டி பக்கத்தில் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களைக் கட்டாயம் சேருங்கள், புகைப்படமாகத்தான். அதில் ஒன்றில் ‘ஆகோள்’ என்று தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது: மாடு கவர்ந்த சண்டையில் இறந்த ஒருவனுக்கு வைத்த கல். மாட்டுக்காகச் சண்டை போட்டதும், செத்தவனை வீரன் என்று கொண்டாடியதும் அமெரிக்க மேற்குக்கு மட்டும் சொந்தம் இல்லை. நமக்கு அது இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே பழையது. மலைமாடு படத்துக்குப் பக்கத்தில் இந்தக் கல்லின் படத்தை வைத்தால் விளக்கமே வேண்டாம்.

குரங்கணிப் பக்கம் போனால் இன்னொரு கதை. மூணாறில் விளைந்த தேயிலையை மலை மேல் ரயிலில் டாப் ஸ்டேஷன் என்ற மலையுச்சி இடம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, அப்புறம் வண்டியில் போடிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. வரைபடம் ஒன்று வரையச் சொல்லுங்கள், பள்ளிக்கூடப் பையன்களுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அங்கே ஸ்கெட்ச் போடப் போகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் காலை வைக்கக் கூடாது, மார்ச் ஏப்ரலில் கேட்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நான் ரொம்ப ஆசைப்படுகிற ஒன்றுக்கு வருகிறேன். நாடக சீன் படுதா. வள்ளி திருமணம் நாடகத்துக்கு மலையும் காடும் இல்லாமல் முடியாது. மதுரைப் பக்கத்தில் நாடகம் போட்ட எல்லாக் கோஷ்டியிடமும் ஒரு ‘காட்டு சீன்’ இருந்தது. ஒரு அருவி, இரண்டு பக்கமும் மரம், பின்னால் நீல மலை, நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. காடாத் துணியில் வண்ணம் தீட்டியது. மடித்து மடித்து லாரியில் ஏற்றி, மலையின் குறுக்கே வெள்ளைக் கோடாக மடிப்பு விழுந்திருக்கும், அருவிக்கு நடுவில் ஆணி அடித்த ஓட்டை இருக்கும். நம்மூர் மக்கள் பெரும்பாலானவர்கள் முதன்முதலாகப் பார்த்த மலை ஓவியம் இதுதான், சட்டம் போட்ட படம் இல்லை. காலண்டர் ஓவியத்தில் கொடிகட்டிப் பறந்த கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் (1898–1976) நாடகக் குழுவில் சீன் வரைந்தவர்தான். சிவகாசிக் காலண்டரில் முருகனுக்குப் பின்னால் தெரிகிற மலை எங்கே இருந்து வந்தது என்று இதைப் பார்த்தால் தெரியும். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் சுருட்டி மூலையில் வைத்திருக்கிற பின்னணித் திரையும் இதே சாதி. கல்யாணமான புதிதில் அதற்கு முன்னால் நின்று எடுத்த படங்கள் வீடு வீடாக இருக்கும், அவற்றில் நாலைந்தை வாங்கி மாட்டினால் கூட்டம் அங்கேதான் நிற்கும். இந்தப் படுதாவுக்கு ‘எங்கே நின்று பார்த்தது’ என்று எப்படி எழுதுவது என்றால், நேராக எழுதுங்கள்: ‘எந்த ஊரிலும் இல்லாத மலை, எல்லா ஊரிலும் பார்த்த மலை.’

ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை போன, கையால் பேனர் வரைகிற ஓவியர்களையும் விடாதீர்கள். ஆளுயர முகத்தைப் பத்தடித் துணியில் கட்டம் போட்டுக் கொண்டுவருகிறவருக்கு ஒரு மலைச் சரிவு எம்மாத்திரம். நாலு மாணவரும் அவருமாகச் சேர்ந்து கடைசிச் சுவருக்கு ஒரு பெரிய படம் செய்யலாம், கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள். ‘கலைக்காகச் செய்யுங்க அண்ணே’ என்று இழுக்காதீர்கள்.

பழைய படங்கள் வேண்டுமென்றால், டிரைப்பின் புகைப்படங்கள், 1792இல் இந்தப் பக்கம் வந்த ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் ஜோடியின் அச்சுப் படங்கள் எல்லாம் காப்புரிமைக் காலம் முடிந்தவை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், வாஷிங்டனின் தேசிய ஓவியக் கூடம் மாதிரி இடங்கள் காப்புரிமை முடிந்த படைப்புகளைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த மங்கிய பிரதியை அச்சடிக்க வேண்டாம். அச்சடிக்கும்போது பளபளக்கிற தாள் கேட்காதீர்கள், மேட் தாளில் எடுத்து சன்போர்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

இரவல் வாங்கும்போது

யாரிடம் எதை வாங்கினாலும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: யாருடையது, என்ன அளவு, எங்கே கிழிசல், எப்போது திருப்பித் தருவோம். படத்தின் நாலு மூலையையும் பின்புறத்தையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் எழுதுங்கள், சொந்தக்காரராக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். விற்பனை உண்டா, உண்டென்றால் கூடத்துக்கு எத்தனை சதவீதம் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். விலைப்பட்டியல் மேஜையில் தனியாக இருக்கட்டும். படத்துக்குப் பக்கத்தில் விலை போட்டால் மலையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சட்டம், சுவர், வெளிச்சம்

கோயிலைச் சுற்றி சாமி படத்துக்கு சட்டம் போடுகிற கடைகளில் வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் ஒன்று. நீர்வண்ணப் படத்தைக் கையில் கொடுத்ததும் அவர் கை தன்னால் தங்கக் கலர் பீடிங் பக்கம் போகும், உள்ளே ஒரு ஜிகினாக் கரை வேறு வைத்துக் காட்டுவார். மீனாட்சிக்கு அது பொருந்தும், நாகமலைக்குப் பொருந்தாது. மெல்லிய கருப்பு அல்லது தேக்கு நிற பீடிங் போதும் என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாக, படத்தைச் சுற்றி மவுண்ட் போர்டு வெட்டி வைக்கச் சொல்லுங்கள், இரண்டு அங்குலமாவது. அழகுக்காக மட்டும் இல்லை, தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது வானம் கண்ணாடியோடு வந்துவிடும்.

வாடகைக் கூடத்தில் ஆணி அடிக்க விட மாட்டார்கள். பந்தல்காரரிடம் இரும்புச் சட்டம் வாங்கி, அதில் வெளிர் சாம்பல் துணி கட்டி, மேல் குழாயில் இருந்து நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கயிறு. ஒற்றைக் கயிற்றில் தொங்கினால் ஃபேன் காற்றுக்கு மலை சாயும். துணிக்காரர் ரோஸ் கலரும் மஞ்சளும் மாற்றி மாற்றிக் கட்டத்தான் பார்ப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து 4 அடி 9 அங்குலத்தில் இருப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் நாலரை அடிக்கு இறக்கிவிடலாம், பெரியவர்கள் கொஞ்சம் குனிந்தால் குறைந்துவிடாது. சீன் படுதாவைக் கூரையில் இருந்து தரை தொட மாட்டுங்கள், அதற்கு முன்னால் இரண்டு ஸ்டூல் போடுங்கள், செல்ஃபி எடுக்க ஒரு இடம் இருந்தால் மற்ற படங்கள் தப்பிக்கும்.

வெளிச்சம்தான் பெரும்பாலான இடங்களில் கெடுகிறது. ஹாலில் இருக்கிற டியூப் லைட் கண்ணாடியில் அப்படியே தெரியும், பார்க்கிறவருக்கு மலை நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மேலிருந்து சாய்வாக விழுகிற மாதிரி எல்.இ.டி. ஸ்பாட் லைட் வையுங்கள், செங்குத்தில் இருந்து 30 டிகிரி. நிறம் சரியாகத் தெரிய சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு) 90க்கு மேல் உள்ள விளக்கு கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் டப்பாவில் போட்டிருக்கும். நீர்வண்ணத்துக்கும் பழைய புகைப்படத்துக்கும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல் வேண்டாம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். போனில் லக்ஸ் அளக்கிற செயலி உண்டு, துல்லியம் முன்னே பின்னே இருந்தாலும் நம் வேலைக்குப் போதும். மேற்குப் பக்க ஜன்னலைத் துணி போட்டு மூடிவிடுங்கள், மூன்று மணி வெயில் நேராக உள்ளே வரும்.

படக்குறிப்பு

இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ‘போடி மலைகளின் எழில்மிகு தோற்றம்’ என்று எழுதினால் பார்க்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது, எழில் இருக்கிறதா என்பதை அவரே பார்த்துக்கொள்வார். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘போடி ரயில் நிலைய நடைமேடையில் நின்று மேற்கே பார்த்தது. மார்கழி, காலை ஏழரை மணி. இந்த மலைக்கு அந்தப் பக்கம் மூணாறு. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே பறித்த தேயிலை, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் இந்த ஊருக்கு வந்தது.’

நின்ற இடம், திசை, மாதம், நேரம், அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம். ஓவியர் பெயர் மேலே, பட்டம் விருதெல்லாம் வேண்டாம். ஐம்பது அறுபது வார்த்தைக்கு மேல் போனால் நின்று படிக்க மாட்டார்கள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது, கண்ணாடி போடாத தாத்தா ஒருவரைக் கூப்பிட்டு மூன்றடி தள்ளி நிற்கவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு சுவரில் வெறும் வரைபடம். மதுரையில் இருந்து போடி, கம்பம் வரை, மலையும் ஆறும் ரயில் பாதையும் மட்டும் வரைந்து, ஊர்ப் பெயர்களைக் குறைவாகப் போடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். வருகிறவர் தன் ஊர் இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு வைத்து, அங்கிருந்து எந்த மலை எப்படித் தெரியும் என்று பக்கத்து நோட்டில் ஒரு வரி எழுதலாம். “எங்க ஊர்ல இருந்து பார்த்தா இது இப்படி இருக்காது” என்று சண்டைக்கு வருகிறவர்தான் நமக்கு வேண்டிய ஆள், அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, எழுதவையுங்கள்.

விளக்கம் சொல்ல மாணவர்களை நிறுத்துங்கள். படத்தைக் காட்டி விளக்கம் சொல்வது மதுரைக்குப் புதிது இல்லை. பரிபாடலின் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் மக்கள் படங்களைச் சுட்டிக்காட்டி இது யார் என்று கேட்பதும், இவன் காமன், இவள் ரதி, இது கௌதமன், அகலிகை என்று தெரிந்தவர்கள் சொல்வதும் அப்படியே இருக்கிறது. மலை மேல் ஓவியக் கூடம், கூடத்தில் கூட்டம், கூட்டத்தில் கேள்வி. பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்காதீர்கள். ஒப்பிக்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. “இதை வரைஞ்சவர் எங்க நின்னிருப்பார்னு நினைக்கிறீங்க?” என்று கேட்கச் சொல்லுங்கள், பேச்சு தன்னால் நகரும்.

எப்போது, யார் திறந்துவைப்பது

பொங்கல் முடிந்து, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் முடிந்த பிறகு, தை கடைசியில் இருந்து மாசி நடு வரை நல்ல நேரம். மழை ஓய்ந்து மலை இன்னும் பச்சையாக இருக்கும், வெயில் ஏறவில்லை, பரீட்சைக்கும் கொஞ்சம் நாள் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் ஊரில் கூட்டம் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அந்தக் கூட்டம் மீனாட்சியையும் அழகரையும் பார்க்க வந்தது, நாகமலை நீர்வண்ணம் பார்க்க இல்லை. கல்யாண முகூர்த்த நாட்களில் மண்டபமும் கிடைக்காது, பந்தல்காரரும் கிடைக்க மாட்டார்.

திறப்பு விழாவை முடிந்த மட்டும் சுருக்குங்கள். மேடை, பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை என்று இரண்டு மணி நேரம் ஓடும், நாற்காலிகள் சுவரோடு சுவராகப் போட்டிருப்பதால் அன்றைக்குப் படமே யாரும் பார்க்க முடியாது. மேடையை வெளியே வாசலில் போடுங்கள். திறந்துவைக்க மலைமாடு மேய்க்கிற ஒரு பெரியவரையோ, படங்களில் ஒன்றில் வருகிற ஊரின் கிழவி ஒருவரையோ அழையுங்கள், பஸ் செலவும் சாப்பாடும் நம் பொறுப்பு. அரசியல் பிரமுகர் வந்தே தீருவேன் என்றால் வரட்டும், ஆனால் மைக் அந்த அம்மா கையில் இருக்கட்டும்.

முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் கழற்றி, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள், திரும்ப வாங்கியதற்கும் கையெழுத்து வேண்டும். சீன் படுதாவை மட்டும் மறுபடியும் மடித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றில் வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் வண்ணம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி சுருட்டுங்கள். உள்பக்கம் வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருங்கி நொறுங்கும். மேலே இன்னொரு துணி சுற்றி, நாடாவால் இறுக்காமல் கட்டி, எந்த நாடகக் கோஷ்டியுடையது, எந்த வருஷக் கண்காட்சிக்கு வந்தது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, குழாயோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.